வளையச் சேர்மங்களுக்குப் பெயர் வைப்பது எப்படி: சைக்ளோபுரோப்பேன் முதல் கற்பூரம் வரை

பத்திரிகைகளில் வரும் கோலங்களுக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: "7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி." அந்த ஒரு வரி போதும். படத்தைப் பார்க்காமலே கையில் மாவை எடுத்துக்கொண்டு வாசலில் அறுகோணமாகப் புள்ளி வைத்துவிடலாம். கரிமச் சேர்மத்தின் முறையான பெயரும் அப்படி ஒரு வரிதான். கற்பூரத்துக்கு வேதியியல் வைத்திருக்கும் பெயர் 1,7,7-டிரைமெத்தில்பைசைக்ளோ[2.2.1]ஹெப்டன்-2-ஓன். முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் மிரண்டு போவார்கள். ஆனால் கற்பூரத்தையே பார்க்காத ஒருவர்கூட இந்தப் பெயரை வைத்து அதன் மூலக்கூறை அணு அணுவாகக் காகிதத்தில் வரைந்துவிட முடியும். இந்த வழிகாட்டியைப் படித்து முடிக்கும்போது நீங்களும் வரைவீர்கள்.

மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன், பென்டேன், ஹெக்சேன் என்ற வரிசையும், நேர்ச் சங்கிலிக்குப் பெயர் வைக்கும் அடிப்படையும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். விதிகளை வகுப்பது ஐயுபேக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம். 1892இல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள் தொடங்கிவைத்த வேலையை, 1919இல் உருவான இந்த ஒன்றியம் எடுத்துக்கொண்டது. கரிமச் சேர்மங்களுக்கான அதன் பெரிய தொகுப்பு 2013இல் வந்தது. பள்ளிப் பாடநூல்கள் சில இடங்களில் அதற்கு முந்தைய வழக்கத்தையே பின்பற்றுகின்றன. எங்கே மோதுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வளையத்தில் என்ன சிக்கல்?

சங்கிலிக்கு இரண்டு முனைகள் உண்டு. இந்த முனையா, அந்த முனையா என்று பார்த்து எண் போட ஆரம்பித்துவிடலாம். வளையத்துக்கு முனையே கிடையாது. ஆறு கார்பன் இருந்தால் ஆறு இடத்தில் 1 போடலாம். ஒவ்வொன்றிலிருந்தும் இடமாகவும் போகலாம், வலமாகவும் போகலாம். ஆக, 12 வழிகள். அந்தப் பன்னிரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் வேலை முழுவதும். கீழே வரும் விதிகள் எல்லாமே "எங்கே 1, எந்தப் பக்கம் 2" என்ற ஒரே கேள்விக்கான பதில்கள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மனப்பாடம் பாதியாகக் குறைந்துவிடும்.

படி 1: வளையத்தை எண்ணிப் பெயர் வையுங்கள்

வளையத்தில் உள்ள கார்பன்களை மட்டும் எண்ணுங்கள். அதே எண்ணிக்கையுள்ள ஆல்கேனின் பெயருக்கு முன்னால் சைக்ளோ என்று சேருங்கள். மூன்று என்றால் சைக்ளோபுரோப்பேன், ஐந்து என்றால் சைக்ளோபென்டேன், ஆறு என்றால் சைக்ளோஹெக்சேன். தமிழ்ப் பாடநூலில் வளையஹெக்சேன் என்றும் பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். வளையம் மூடும்போது இரண்டு ஹைட்ரஜன் குறையும். ஹெக்சேனில் 14 ஹைட்ரஜன், சைக்ளோஹெக்சேனில் 12.

படி 2: தலைமை வளையத்துக்கா, சங்கிலிக்கா?

வளையத்தோடு ஒரு சங்கிலி ஒட்டியிருந்தால் எது தாய், எது கிளை? முதலில் வினைசெயல் தொகுதி, அதாவது ஓஎச், கீட்டோன், அமிலம் போன்றது, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இலங்கை மாணவர்கள் இதைத் தொழிற்பாட்டுக் கூட்டம் என்பார்கள். பின்னொட்டாக வரவேண்டிய தொகுதி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் தாய். சைக்ளோஹெக்சேன் வளையத்தில் இரண்டு கார்பன் சங்கிலி, அதன் நுனியில் ஒரு ஓஎச் இருந்தால், வளையம் பெரிதாக இருந்தும் கிளையாகிவிடும். பெயர் 2-சைக்ளோஹெக்சைல்எத்தன்-1-ஆல்.

அப்படி எந்தத் தொகுதியும் இல்லை, இரண்டுமே வெறும் ஹைட்ரோகார்பன் என்றால் பழைய வழக்கமும் புதிய விதியும் பிரிகின்றன. பழைய வழக்கத்தில் யாரிடம் கார்பன் அதிகமோ அவர் தாய். 2013 விதியில் எப்போதும் வளையமே தாய். சைக்ளோபுரோப்பேனில் நான்கு கார்பன் சங்கிலி ஒட்டியிருப்பதைப் பாடநூல் 1-சைக்ளோபுரோப்பைல்பியூட்டேன் என்னும், புதிய விதி பியூட்டில்சைக்ளோபுரோப்பேன் என்னும். தேர்வு எழுதுபவர்கள் தங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள். மற்றவர்கள் புதிய விதியைப் பின்பற்றலாம். எனக்குப் புதிய விதிதான் பிடிக்கும், எண்ணிக்கொண்டு நிற்க வேண்டிய வேலை அதில் இல்லை.

படி 3: எண் போடுவது

வளையத்தில் ஒரே ஒரு பதிலி, அதாவது ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒட்டிய தொகுதி, இருந்தால் எண்ணே வேண்டாம். மெத்தில்சைக்ளோஹெக்சேன் என்றால் போதும், மெத்தில் எங்கே இருந்தாலும் அதுதான் 1.

இரண்டு இருந்தால் ஒன்றுக்கு 1, மற்றதற்குக் குறுகிய வழியில் வரும் எண். மூன்றும் அதற்கு மேலும் இருக்கும்போதுதான் நிதானம் தேவை. சைக்ளோபென்டேனில் ஒரே கார்பனில் இரண்டு மெத்தில், பக்கத்துக் கார்பனில் ஒரு எத்தில் என்று வைத்துக்கொள்வோம். எத்திலில் தொடங்கினால் எண்கள் 1,2,2. மெத்தில்களில் தொடங்கினால் 1,1,2. இடமிருந்து வலமாக ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். முதல் இடத்தில் இரண்டிலும் 1. இரண்டாவது இடத்தில் ஒன்றில் 1, மற்றதில் 2. அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது: 1,1,2. பெயர் 2-எத்தில்-1,1-டைமெத்தில்சைக்ளோபென்டேன்.

இதற்குப் பெயர் முதல் வேறுபாட்டு விதி. எண்களைக் கூட்டிப் பார்த்து எது குறைவு என்று முடிவு செய்யும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். அது ஏன் தப்பு என்று இரட்டைப் பிணைப்பு வரும்போது காட்டுகிறேன்.

படி 4: அகர வரிசை, தமிழில் சிந்திப்பவர்கள் வழுக்கும் இடம்

பெயரில் பதிலிகளை ஆங்கில அகர வரிசைப்படி எழுத வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளிடம் இந்த இடத்தில் ஒரே மாதிரித் தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நம் எழுத்து அப்படி.

புரோமோவும் புரோப்பைலும் தமிழில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் புரோமோவின் முதல் எழுத்து "பி", வரிசையில் இரண்டாவது. புரோப்பைலின் முதல் எழுத்து பதினாறாவது. இரண்டுக்கும் நடுவில் குளோரோ, எத்தில், ஃபுளூரோ, ஹைட்ராக்ஸி, அயோடோ, மெத்தில், நைட்ரோ எல்லாம் வந்துவிடும். அயோடோ இன்னொரு கண்ணி. தமிழில் அ என்று தொடங்குவதால் கை தானாக அதை முதலில் எழுதும். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்து "ஐ", எத்திலுக்கு அப்புறம்தான் வரும். ஆகவே 1-எத்தில்-2-அயோடோசைக்ளோபென்டேன் சரி. இந்த வரிசையை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்: அமினோ, புரோமோ, பியூட்டில், குளோரோ, எத்தில், ஃபுளூரோ, ஹைட்ராக்ஸி, அயோடோ, மெத்தாக்ஸி, மெத்தில், நைட்ரோ, ஆக்ஸோ, புரோப்பைல்.

டை, டிரை, டெட்ரா போன்ற எண்ணிக்கைச் சொற்களை வரிசைக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது. டைமெத்தில் என்றாலும் மெத்திலின் எழுத்துதான். ஐசோபுரோப்பைலில் உள்ள ஐசோ மட்டும் கணக்கில் சேரும்.

இன்னொரு விஷயம், இது முக்கியம். அகர வரிசை எண்ணைத் தீர்மானிப்பது கடைசி நேரத்தில் மட்டும்தான். இரண்டு பக்கம் எண்ணினாலும் ஒரே எண்கள் வந்தால், அப்போது மட்டும் அகர வரிசையில் முந்தியதற்குச் சின்ன எண் கொடுக்கலாம். 1-புரோமோ-3-எத்தில்சைக்ளோஹெக்சேன் அப்படிப்பட்டது, எப்படிப் போட்டாலும் 1,3 தான். ஆனால் 4-எத்தில்-1,2-டைமெத்தில்சைக்ளோஹெக்சேனைப் பாருங்கள். எத்தில் பெயரில் முதலில் வருகிறதே என்று அதற்கு 1 கொடுத்தால் எண்கள் 1,3,4 ஆகிவிடும். 1,2,4 அதைவிடக் குறைவு. பெயரில் முன்னால் நிற்பதும் எண்ணில் முன்னால் நிற்பதும் வேறு வேறு வேலை.

படி 5: இரட்டைப் பிணைப்பு வந்தால்

வளையத்தில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதன் இரண்டு கார்பன்களும் 1, 2 என்ற எண்களை எடுத்துக்கொள்ளும். பதிலிகள் காத்திருக்க வேண்டியதுதான். நமக்கு மிச்சம் இருப்பது, இரண்டில் எந்த முனைக்கு 1 என்ற தேர்வு மட்டும்.

சைக்ளோஹெக்சீன் ஒன்றை வரையுங்கள். இரட்டைப் பிணைப்பின் ஒரு கார்பனில் ஒரு மெத்தில் வையுங்கள். அதே கார்பனை ஒட்டி, இரட்டைப் பிணைப்புக்கு வெளியே இருக்கும் கார்பனில் இன்னொரு மெத்தில். இப்போது ஒரு வழியில் எண்ணினால் மெத்தில்கள் 2, 3 இல் வரும். மறு வழியில் 1, 6 இல் வரும். கூட்டிப் பார்ப்பவர்கள் 5 பெரிதா 7 பெரிதா என்று பார்த்து 2,3 என்று எழுதிவிடுவார்கள். விதி கூட்டச் சொல்லவில்லை. முதல் எண்ணை ஒப்பிடுங்கள்: 1, 2. அதோடு முடிந்தது. 1,6-டைமெத்தில்சைக்ளோஹெக்ஸ்-1-ஈன் என்பதே பெயர்.

ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் தெறிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். அதன் பெயர் 1-மெத்தில்-4-(புரோப்-1-ஈன்-2-ஐல்)சைக்ளோஹெக்ஸ்-1-ஈன். அடைப்புக்குள் இருக்கும் எண்கள் கிளையின் சொந்த எண்கள், வளையத்தோடு அவற்றுக்குச் சம்பந்தம் இல்லை. வீட்டு எண்ணையும் தெரு எண்ணையும் பிரித்து எழுதுகிற மாதிரி, அந்தப் பிரிவைக் காட்டத்தான் அடைப்பு.

படி 6: பின்னொட்டுத் தொகுதிகள், மெந்தாலை வைத்து

ஓஎச், கீட்டோன், அமிலம் போன்றவை வந்துவிட்டால் இரட்டைப் பிணைப்பும் வழிவிட வேண்டும். பின்னொட்டாகும் தொகுதி நிற்கும் கார்பனுக்கே 1. பல தொகுதிகள் இருந்தால் உயர்ந்தது ஒன்றுதான் பின்னொட்டாகும். உயர்விலிருந்து கீழே: கார்பாக்சிலிக் அமிலம், எஸ்டர், அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன். தோற்றவை முன்னொட்டாக மாறும்: கீட்டோன் ஆக்ஸோ ஆகும், ஆல்கஹால் ஹைட்ராக்ஸி ஆகும். ஹாலஜன்கள், நைட்ரோ, மெத்தாக்ஸி எப்போதுமே முன்னொட்டுகள்தான்.

தலைவலித் தைலத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறும் குளிர்ச்சி மெந்தாலுடையது. அதை முழுதாகச் செய்து பார்ப்போம். அறுகோணம் வரையுங்கள். ஒரு மூலையில் ஓஎச். அதற்கு அடுத்த மூலையில் ஐசோபுரோப்பைல், அதாவது மூன்று கார்பன் கிளை நடுக் கார்பனால் ஒட்டியிருக்கிறது. ஐசோபுரோப்பைலுக்கு நேர் எதிர் மூலையில் மெத்தில்.

தாய் வளையம், பின்னொட்டு ஆல். ஓஎச் நிற்கும் இடம் 1. பன்னிரண்டு வழிகளில் பத்து அந்த ஒரு முடிவிலேயே கழிந்துவிட்டது, மிச்சம் இரண்டு திசைகள். ஐசோபுரோப்பைல் பக்கம் போனால் அது 2, மெத்தில் 5. மறுபக்கம் போனால் மெத்தில் 3, ஐசோபுரோப்பைல் 6. 2,5 வென்றது. இனி எழுத்து. பழைய புத்தகத்தில் 2-ஐசோபுரோப்பைல்-5-மெத்தில்சைக்ளோஹெக்சனால் என்று இருக்கும். புதிய விதி ஐசோபுரோப்பைலைப் புரோப்பன்-2-ஐல் என்கிறது, அப்போது அதன் முதல் எழுத்து மெத்திலுக்குப் பின்னால் போய்விடும். பெயர் 5-மெத்தில்-2-(புரோப்பன்-2-ஐல்)சைக்ளோஹெக்சன்-1-ஆல். சொற்களின் வரிசை மாறினாலும் எண்கள் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதோடு முடியவில்லை. வளையம் சுழன்று கொடுக்காது, ஆகவே ஒரு பதிலி வளையத்தின் மேல்பக்கம் இருக்கிறதா கீழ்ப்பக்கமா என்பதும் பெயரில் வரவேண்டும். இரண்டு பதிலிகள் மட்டும் இருந்தால் ஒரே பக்கம் சிஸ், எதிர்ப் பக்கம் டிரான்ஸ் என்று சொல்லிவிடலாம். மெந்தாலில் அப்படிப்பட்ட மையங்கள் மூன்று, அதனால் எட்டு வடிவங்கள் சாத்தியம். புதினாச் செடி தரும் வடிவத்தை (1ஆர்,2எஸ்,5ஆர்) என்று முன்னால் போட்டு எழுதுவார்கள்; ஆர், எஸ் என்பவை ஒவ்வொரு மையத்திலும் தொகுதிகள் எந்தப் பக்கமாக அமைந்திருக்கின்றன என்று காட்டும் குறிகள்.

அமிலமும் ஆல்டிஹைடும் வளையத்தில் ஒட்டும்போது ஒரு சிறு மாற்றம். அவற்றின் கார்பன் வளையத்துக்கு வெளியே இருப்பதால் அதற்கு எண் கிடையாது, அது ஒட்டியிருக்கும் வளையக் கார்பனுக்கே 1. பின்னொட்டும் கார்பாக்சிலிக் அமிலம், கார்பால்டிஹைடு என்று மாறும். 2-ஆக்ஸோசைக்ளோஹெக்சேன்-1-கார்பாக்சிலிக் அமிலம் என்ற பெயரில் அமிலம் வென்று கீட்டோன் ஆக்ஸோவாக இறங்கியிருக்கிறது.

படி 7: பென்சீன்

கெக்குலே 1865இல் பென்சீனுக்கு வளைய வடிவத்தை முன்வைத்தார். இந்த வளையத்துக்குச் சைக்ளோ சேர்க்க வேண்டாம், பென்சீன் என்பதே தாய்ப் பெயர். ஃபீனால், அனிலீன், பென்சாயிக் அமிலம், பென்சால்டிஹைடு ஆகிய பழைய பெயர்களையும் ஐயுபேக் அப்படியே வைத்துக்கொண்டது. ஃபீனாலில் ஓஎச் இருக்கும் இடம் 1, அதை எழுதவும் தேவையில்லை. ஆர்த்தோ, மெட்டா, பாரா என்பவை 1,2, 1,3, 1,4 என்பதற்கான பேச்சு வழக்கு. எழுதும்போது எண்ணையே போடுங்கள்.

ஓமத்தின் காரமான வாசனை தைமாலிலிருந்து வருகிறது. அதன் பெயர் 5-மெத்தில்-2-(புரோப்பன்-2-ஐல்)ஃபீனால். மேலே போய் மெந்தாலின் பெயரை ஒரு தடவை பாருங்கள். கடைசிச் சொல்லைத் தவிர மீதி எல்லாம் ஒன்றே. தைமாலின் வளையத்தில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் மெந்தால் கிடைக்கும், தொழிற்சாலைகளில் அப்படித் தயாரிக்கவும் செய்கிறார்கள். ஓமமும் புதினாவும் நாக்கில் உறவுபோலத் தெரிவதில்லை, பெயரை எழுதினால் உறவு வெளியே வந்துவிடுகிறது. நான் இந்தப் பாடத்தை விரும்புவதற்கு இந்த ஒரு ஜோடியே போதும்.

இப்போது தலைகீழாக, பெயரிலிருந்து படத்துக்கு. கிராம்பின் யூஜினால்: 2-மெத்தாக்ஸி-4-(புரோப்-2-ஈன்-1-ஐல்)ஃபீனால். கடைசியிலிருந்து படியுங்கள். ஃபீனால் என்றதும் பென்சீன் வளையமும் ஓஎச்சும் வரையுங்கள். 2இல் மெத்தாக்ஸி, அதாவது ஆக்சிஜன் வழியாக ஒட்டிய மெத்தில். 4இல், ஓஎச்சுக்கு நேர் எதிரில், மூன்று கார்பன் கிளை. அது தன் முதல் கார்பனால் ஒட்டுகிறது, தன் 2ஆம் 3ஆம் கார்பன்களுக்கு நடுவில் இரட்டைப் பிணைப்பு. முடிந்தது.

தாய் மாறினால் எண்ணும் மாறும் என்பதற்கு டிஎன்டி என்ற வெடிமருந்து நல்ல உதாரணம். டொலுயீனை, அதாவது மெத்தில் ஒட்டிய பென்சீனை, தாயாக வைத்தால் மெத்தில் 1ஆம் இடம் பிடித்துக்கொள்ளும், பெயர் 2,4,6-டிரைநைட்ரோடொலுயீன். பென்சீனைத் தாயாக வைத்தால் மெத்திலுக்குச் சலுகை கிடையாது, நான்கு பதிலிகளும் சமம். 1,2,4,6ஐ விட 1,2,3,5 குறைவு, ஆகவே 2-மெத்தில்-1,3,5-டிரைநைட்ரோபென்சீன். புதிய விதிகளின்படி இதுதான் சரி.

பென்சீன் வளையமே கிளையானால் ஃபீனைல். வளையத்தோடு ஒரு கார்பனும் சேர்ந்து கிளையானால் பென்சைல். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 8: இரண்டு வளையங்கள், கற்பூரம்

இரண்டு வளையங்கள் இரண்டு அணுக்களைப் பங்கிட்டுக்கொண்டு நின்றால் பைசைக்ளோ. அடால்ஃப் ஃபான் பேயர் 1900இல் கொடுத்த முறை இது. பங்கிடப்படும் அந்த இரண்டு அணுக்களைப் பாலத்தலைகள் என்பார்கள். ஒரு பாலத்தலையிலிருந்து மற்றதற்குப் போக மூன்று பாதைகள் இருக்கும். ஒவ்வொரு பாதையிலும் நடுவில் எத்தனை அணு என்று எண்ணி, பெரியதிலிருந்து சிறியதாக, புள்ளி வைத்து, சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். கூட்டினால் வருவதோடு பாலத்தலைகள் இரண்டையும் சேருங்கள், மொத்தக் கார்பன் கிடைத்துவிடும். [2.2.1] என்றால் ஐந்தும் இரண்டும் ஏழு, ஹெப்டேன்.

எண் போடுவது ஊர் சுற்றிவருகிற மாதிரி. ஒரு பாலத்தலையில் 1. நீளமான பாதை வழியாக மற்றப் பாலத்தலைக்குப் போங்கள். அங்கிருந்து அடுத்த நீளமான பாதை வழியாகத் திரும்பி வாருங்கள். குட்டைப் பாதைக்குக் கடைசி எண்.

சரி, கற்பூரம். காகிதத்தில் இடதுபுறம் ஒரு பாலத்தலை, வலதுபுறம் ஒன்று. நடுவில் இரண்டு கார்பன் பாதைகள் இரண்டு, மேலே பாலம் போல ஒற்றைக் கார்பன். இடது பாலத்தலை 1 என்றால் முதல் பாதையில் 2, 3. வலது பாலத்தலை 4. திரும்பும் பாதையில் 5, 6. மேலே உள்ள ஒற்றைக் கார்பன் 7. இப்போது பெயரைப் பார்த்து நிரப்புங்கள். 2-ஓன்: 2இல் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு. 1,7,7-டிரைமெத்தில்: பாலத்தலை 1இல் ஒரு மெத்தில், மேலே 7இல் இரண்டு. வேறு பாலத்தலையில் தொடங்கியிருந்தால் கீட்டோனுக்கு 3 வந்திருக்கும், அதனால் அது கூடாது.

வளையங்கள் ஒரே ஒரு அணுவைப் பங்கிட்டால் ஸ்பைரோ. அங்கே எல்லாம் நேர்மாறு: அடைப்புக்குள் சிறியது முதலில், எண்ணும் சிறிய வளையத்தில் பங்கு அணுவுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கும், மொத்தத்துக்கு ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். ஸ்பைரோ[4.5]டெக்கேன் என்றால் நான்கும் ஐந்தும் ஒன்றும் பத்து.

அந்துருண்டையில் இருந்த நாப்தலீன் போல ஒட்டிய அரோமாட்டிக் (பென்சீன் வகை) வளையங்களுக்கு நிரந்தரப் பெயரும் நிரந்தர எண்களும் உண்டு. நாப்தலீனில் வெளிக் கார்பன்கள் 1 முதல் 8 வரை. ஒட்டும் இடத்துக் கார்பன்கள் 4ஏ, 8ஏ.

படி 9: வளையத்துக்குள் வேறு அணு

ஆக்சிஜனோ நைட்ரஜனோ வளையத்துக்குள்ளேயே இருந்தால் அது பல்லின வளையம். அந்த அணுவுக்கே 1, வினைசெயல் தொகுதிகூட அதற்குப் பின்னால்தான். பிரிடினில் நைட்ரஜன் 1, ஆகவே பிரிடின்-3-கார்பாக்சிலிக் அமிலம், அதாவது நியாசின். இரண்டு வகை அணுக்கள் இருந்தால் ஆக்சிஜன், கந்தகம், நைட்ரஜன் என்ற வரிசையில் முந்தியதற்கு 1. 1,3-தயசோலில் கந்தகம் 1, நைட்ரஜன் 3.

கையில் பென்சிலை எடுங்கள்

கற்பூரவள்ளி இலையைக் கசக்கினால் வரும் வாசனையில் கார்வக்ரால் இருக்கிறது. ஒரு பென்சீன் வளையம், ஒரு ஓஎச். ஓஎச்சுக்கு அடுத்த கார்பனில் மெத்தில். அந்த மெத்திலுக்கு நேர் எதிரில் மூன்று கார்பன் கிளை, நடுக் கார்பனால் ஒட்டியிருக்கிறது. பெயரை நீங்களே எழுதிவிட்டுக் கீழே வாருங்கள்.

2-மெத்தில்-5-(புரோப்பன்-2-ஐல்)ஃபீனால். ஓமத்தின் தைமாலில் 5, 2 என்று இருந்த எண்கள் இங்கே 2, 5 என்று இடம் மாறியிருக்கின்றன. வேறு எந்த வித்தியாசமும் இல்லை.